எஸ்டேட் ஜீப்புக்கு ஹைட்ராலிக் உதவி ஸ்டியரிங்: செலவைக் கட்டுக்குள் வைத்துச் செய்யும் முழு வழிகாட்டி

ஏற்காட்டு எஸ்டேட்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. கம்பெனி கொடுத்த ஒல்லி டயரோடு ஓடியவரை அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சேற்றுக்காக 235/75 அகல டயரோ, 31 இன்ச் டயரோ மாட்டியதும் கதை மாறிவிடுகிறது. நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்ப முடியாது. மிளகு மூட்டையோடு இறங்கும்போது கல்லில் முன்சக்கரம் இடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு சுழலும், கட்டைவிரல் மாட்டினால் போச்சு. ஏற்காட்டிலிருந்து அடிவாரம்வரை 20 கொண்டை ஊசி வளைவு. அதை இறங்கி முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்.

இதற்கு இரண்டு நிலையில் தீர்வு இருக்கிறது. முதல் நிலை, சாதா ஸ்டியரிங் பாக்ஸை எடுத்துவிட்டுப் பவர் ஸ்டியரிங் பாக்ஸும் பம்பும் மாட்டுவது. இரண்டாவது, அந்தப் பாக்ஸிலிருந்தே ஆயில் அழுத்தத்தை வெளியே எடுத்து, முன் அச்சில் ஒரு சிலிண்டர் வைத்து, இரண்டு முன்சக்கரத்தையும் இணைக்கும் டை ராடை நேராகத் தள்ள வைப்பது. இரண்டாவதைத்தான் ஹைட்ராலிக் உதவி ஸ்டியரிங் என்கிறோம். பழைய கம்பி இணைப்பு எல்லாம் அப்படியே இருக்கும், சிலிண்டர் கூடவே நின்று தள்ளிக் கொடுக்கும். டிராக்டரில் இருப்பதுபோல ஆயில் மட்டுமே சக்கரத்தைத் திருப்பும் முழு ஹைட்ராலிக் முறை வேறு. அதில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரும்பு இணைப்பே கிடையாது, ஒரு ஹோஸ் (ஆயில் போகும் குழாய்) வெடித்தால் எதுவும் மிச்சமில்லை. மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு அதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

சேலம்காரர்களுக்கு இந்த வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு. திருச்செங்கோடு போர்வெல் ரிக் வண்டிகளுக்கு நாடு முழுக்கப் பேர் போன ஊர். சங்ககிரியும் நாமக்கல்லும் லாரிக்குப் பேர் போனவை. ரிக் என்றாலே ஹைட்ராலிக்தான். ஹோஸ் அழுத்திக் கொடுப்பது, சிலிண்டர் கட்டுவது, சீல் மாற்றுவது எல்லாம் அங்கே அன்றாட வேலை. வெளிநாட்டு கிட்டுக்குக் கொட்டும் பணத்தில் சின்னப் பகுதியை வைத்து அதே தரத்தில் இங்கே செய்துகொள்ளலாம். என்ன கேட்பது, எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு போனால் போதும்.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. பதிவுச் சான்றிதழில் உள்ள, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதிசெய்தது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் வண்டி என்றால், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரியப்படுத்துங்கள். விபத்து என்று வந்தால் முதலில் கேள்வி கேட்கப்படுவது ஸ்டியரிங்கில் கைவைத்த வண்டிதான். எஸ்டேட் எல்லைக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தச் சிக்கல் குறைவு. கீழே சொல்வதை அப்படிப்பட்ட வண்டியை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

ஜாயிண்ட் ஆட்டத்தைக் கண்டுபிடிக்காமல் பம்ப் வாங்காதீர்கள்

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று வரும் ஜீப்புகளில் பலவற்றுக்கு உண்மையான நோய் வேறு. சக்கரம் இடவலமாகத் திரும்பும் கிங் பின்னின் பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும், டை ராட் பால் ஜாயிண்ட் காய்ந்திருக்கும், டயரில் காற்று பாதிதான் இருக்கும். இதோடு பவர் ஸ்டியரிங் மாட்டினால் கனம் மறைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும். அதைவிட மோசம், கையில் தெரிந்துகொண்டிருந்த ஆட்டம் இனித் தெரியாமல் போகும்.

சோதனைக்குக் காசு வேண்டாம், இரண்டு பேர் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் திருப்பு ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூடக் கையில் ‘டொக்’ என்று தட்டும். பிட்மேன் ஆர்ம் (பாக்ஸில் ஆடும் கை), அந்தக் கையின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்கின் இரண்டு முனை, டை ராடின் இரண்டு முனை, பெல் கிராங்க் (நடுவில் திசை மாற்றும் நெம்புகோல்) உள்ள பழைய மாடல் என்றால் அதன் புஷ் என்று வரிசையாகப் பாருங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின்னும் வீல் பேரிங்கும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துவிடும். டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள். அதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் கிங் பின்னைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

முன்பட்டையை (முன்பக்க ஸ்பிரிங் பட்டை) சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷையும் மறக்காதீர்கள். அது தேய்ந்தால் அச்சே இடவலமாக நகரும். சிலிண்டர் சக்கரத்தைத் தள்ளுவதற்குப் பதில் அச்சைத் தள்ளும்.

டை ராட் கம்பெனி கொடுத்த பழையது என்றால், சிலிண்டர் வைக்கும் திட்டம் இருந்தால், மாற்றித்தான் ஆக வேண்டும். ஓரத்தில் கையால் வரும் தள்ளலுக்கு அளவாகச் செய்த குழாயின் நடுவில் முக்கால் டன் விசை கொடுத்தால் வளையத்தான் செய்யும். தையல் இல்லாத சீம்லெஸ் குழாய் வாங்குங்கள், 32 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. தடிமன் போதும். லேத்தில் ஒரு முனையில் இடமரை, மறுமுனையில் வலமரை போடச் சொல்லுங்கள். அப்போதுதான் குழாயைத் திருப்பி டோ அளவை (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பும் அளவு) வைக்க முடியும். முனையை வெல்டிங் செய்து ஒட்டித் தருகிறேன் என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டியரிங் கம்பிகளில் வெல்டிங்குக்கு இடமே கிடையாது.

பாக்ஸும் பம்பும்

பணம் மிச்சமாவது இங்கேதான். பாக்ஸ், பம்ப் இரண்டையும் பழைய வண்டிப் பாகக் கடையில் எடுத்து, சீல் கிட் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஜீப்காரர்கள் பெரும்பாலும் பொலிரோ பாக்ஸைத்தான் தேடிப் போகிறார்கள். கிடைப்பது சுலபம், உதிரிப் பாகமும் எங்கும் உண்டு. பம்பைப் பொறுத்தவரை ஒரே விதி: உங்கள் ஜீப்பில் எந்த எஞ்சின் இருக்கிறதோ, அதே எஞ்சினோடு பவர் ஸ்டியரிங் வந்த வண்டியைக் கண்டுபிடித்து, பம்ப், பிராக்கெட், புல்லி மூன்றையும் சேர்த்தே எடுங்கள். பிராக்கெட்டைப் புதிதாகச் செய்யப் போனால் பெல்ட் வரிசை ஒரு மி.மீ. தவறினாலும் பெல்ட் அறுந்துகொண்டே இருக்கும்.

நம்ம பக்கத்தில் லாரிப் பம்ப் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசை வரும். வேண்டாம். லாரிப் பாக்ஸுக்கு ஏற்ற ஓட்டத்தை ஜீப் பாக்ஸின் வால்வுக்குள் செலுத்தினால் ஆயில் கொதிக்கும், ஸ்டியரிங் பதற்றமாகிவிடும். கார், ஜீப் ரகப் பம்புகள் 70 முதல் 100 பார் வரை அழுத்தம் தரும். நமக்கு அது போதும். அழுத்தத்தைக் கூட்ட, அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்கு ஷிம் (மெல்லிய தகடு) வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு, அதற்கும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாக்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியது பிட்மேன் ஆர்ம் ஆடும் திசை. உங்கள் ஜீப்பில் டிராக் லிங்க் வண்டியின் நீளவாக்கில் போகிறதா, குறுக்கே போகிறதா என்று பாருங்கள். ஆர்ம் எந்தப் பக்கம் ஆட வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. பாக்ஸை அச்சுக்கு முன்னால் வைப்பதற்கும் பின்னால் வைப்பதற்கும்கூடத் திசை மாறும். வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகும் நிலைமை இப்படித்தான் வருகிறது. போல்ட் போடும் முன் பாக்ஸைக் கையில் பிடித்து வைத்து, சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து சேஸிஸ். இந்த வேலையில் உடைவது பெரும்பாலும் பாக்ஸ் அல்ல, பாக்ஸ் உட்கார்ந்திருக்கும் சேஸிஸ் தகடுதான். பழைய ஜீப்பின் சேஸிஸ் சட்டம் மெல்லியது, அதில் துளை போட்டு நேராக போல்ட் முறுக்கினால் சட்டம் உள்ளே அமுங்கும், பிறகு துளையிலிருந்து விரிசல் ஓடும். வெளிப்பக்கம் 6 மி.மீ. தகடு வைத்து, சட்டத்துக்குள் போல்டைச் சுற்றித் தடித்த குழாய்த் துண்டுகளை நிறுத்தி, முறுக்கு முழுவதும் அந்தக் குழாயில் விழும்படி செய்யுங்கள். போல்ட் 10.9 கிரேடு, பூட்டு நட்டு. ஸ்டியரிங் தண்டை இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் மட்டும் புதிதாகவே வாங்குங்கள்.

டிராக் லிங்க் முடிந்தவரை படுக்கையாக இருக்கட்டும். பட்டையை உயர்த்திய வண்டியில் அது சரிந்து நிற்கும். அப்போது அச்சு மேலே கீழே போகும் ஒவ்வொரு தடவையும் சக்கரம் தானாகத் திரும்பும்.

இந்த நிலையில் நிறுத்துங்கள். சிலிண்டர் இல்லாமல், வெறும் பவர் பாக்ஸோடு சில மாதம் ஓட்டுங்கள். 235/75 டயர்வரைக்கும், எஸ்டேட் சாலைக்கும், இதுவே தாராளம் என்பது என் உறுதியான கருத்து. முன் டிஃப்ரன்ஷியலில் லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுவது) போட்டவர், 31 இன்ச்சுக்கு மேல் டயர் போட்டவர், பாறை இடுக்கில் நின்ற இடத்திலேயே திருப்ப வேண்டியவர், இவர்களுக்குத்தான் சிலிண்டர் தேவைப்படும். அவர்களுக்கு சிலிண்டர் வெறும் சொகுசு அல்ல. அது இல்லையென்றால் பிட்மேன் ஆர்மைத் தாங்கும் செக்டர் தண்டும் சேஸிஸும்தான் அந்தப் பாரம் முழுவதையும் தாங்கும்.

சிலிண்டர் எந்த அளவு

பெரிசு வாங்கினால் நல்லது என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும்.

40 மி.மீ. உள்விட்டம், 20 மி.மீ. தண்டு, இரண்டு பக்கமும் தண்டு நீட்டிய சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்டு போக மிஞ்சும் பரப்பு சுமார் 9.4 சதுர செ.மீ. 80 பார் அழுத்தத்தில் அது கொடுக்கும் விசை கிட்டத்தட்ட 770 கிலோ, இரண்டு திசையிலும் ஒரே அளவு. 180 மி.மீ. ஓட்டம் என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக சுமார் 170 மில்லி ஆயில் வேண்டும். ஐடிலில் பம்ப் நிமிடத்துக்கு 5 லிட்டர் தந்தால், அதற்கு 2 விநாடி ஆகும். பாக்ஸுக்கு வேண்டிய ஆயில் இதற்கு மேல்.

இப்போது 50 மி.மீ. சிலிண்டர், 25 மி.மீ. தண்டு போட்டுப் பாருங்கள். ஆயில் 265 மில்லி, நேரம் 3 விநாடிக்கு மேல். வேகமாகத் திருப்பினால் பம்பால் ஈடுகொடுக்க முடியாமல், ஸ்டியரிங் நடுவில் சட்டென்று இறுகும். கொண்டை ஊசி வளைவில் மெதுவாக ஐடிலில் இறங்கும் வண்டிக்கு அது நல்லதல்ல. விரலுக்கேத்த வீக்கம்தான் வேண்டும். ஜீப்புக்கு 40 மி.மீ. சரியான அளவு.

ஒற்றைத் தண்டு சிலிண்டர் மலிவு, பொருத்துவதும் சுலபம், ஆனால் அதில் ஒரு கோணல் இருக்கிறது. அதே 40க்கு 20 அளவில் தள்ளும்போது 1,025 கிலோ, இழுக்கும்போது 770 கிலோ. ஒரு பக்கம் இலகுவாகவும் மறுபக்கம் சற்றுக் கனமாகவும் இருக்கும். அது மட்டுமல்ல, ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டு அறையிலும் 5 பார் அழுத்தம் நின்றால்கூட, தண்டின் பரப்பு வித்தியாசத்தால் சுமார் 16 கிலோ விசை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். எஸ்டேட்டுக்குள் மெதுவாக ஓட்டுபவருக்கு இது பொருட்டல்ல. அடிக்கடி வேகமாக ஓட்டும் வண்டி என்றால் இரட்டைத் தண்டுக்குப் போங்கள்.

எங்கே வாங்குவது? டிராக்டர் பவர் ஸ்டியரிங் சிலிண்டர் பழையது கிடைத்தால், தண்டின் குரோம் பூச்சு கீறல் இல்லாமல் இருந்தால், எடுத்து சீல் மாற்றிக்கொள்ளலாம். நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தாலே சீலைத் தின்றுவிடும், விட்டுவிடுங்கள். இல்லையென்றால் ரிக் சிலிண்டர் கட்டும் பட்டறையில் புதிதாகவே கட்டிக்கொள்ளலாம். உள்ளே ஹோனிங் செய்த குழாய், ஹார்ட் குரோம் தண்டு, சேறு உள்ளே போகாமல் துடைக்கும் வைப்பர் சீல் என மூன்றையும் வாயால் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நம் மலைச் செம்மண் தண்டில் காய்ந்து ஒட்டினால் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும், வைப்பர் சீல் இல்லாத சிலிண்டர் ஒரு மழைக்காலம் தாங்காது.

ஓட்டத்தை அளக்க: முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டியரிங்கை முழுக்க இடம் திருப்பி, டை ராடில் ஒரு கோடு, அதற்கு நேர் எதிரே அச்சில் ஒரு கோடு போடுங்கள். முழுக்க வலம் திருப்பி, டை ராடில் போட்ட கோடு இப்போது நிற்கும் இடத்துக்கு நேரே அச்சில் இன்னொரு கோடு போடுங்கள். அச்சில் உள்ள இரண்டு கோட்டுக்கும் நடுவிலான தூரம்தான் டை ராட் நகரும் அளவு. சிலிண்டரின் ஓட்டம் அதைவிடக் குறைந்தது 10 மி.மீ. கூடுதலாக இருக்க வேண்டும்.

பொருத்துவது

சிலிண்டரின் உடல் அச்சில், தண்டு டை ராடில். இரண்டுமே அச்சோடு சேர்ந்து மேலும் கீழும் போகும் பாகங்கள் என்பதால் பட்டை ஆடுவது சிலிண்டரைப் பாதிக்காது. சிலிண்டரை சேஸிஸில் கட்டினால் ஒவ்வொரு குழியிலும் தண்டு இழுபடும், வண்டி தானே திரும்பும்.

நேராக நிற்கும்போது சிலிண்டர் டை ராடுக்கு இணையாக இருக்கட்டும், எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. சக்கரம் திரும்பும்போது டை ராட் வில்போல் முன்னும் பின்னும் கொஞ்சம் நகரும், ஆகவே இரண்டு முனையிலும் உருளும் ராட் எண்ட் கட்டாயம் வேண்டும். டை ராடில் பிடிக்க, இரண்டு போல்ட் உள்ள கிளாம்ப். அதை வெல்டிங் செய்யக் கூடாது.

அச்சில் வைக்கும் பிராக்கெட் 8 மி.மீ. தகட்டில், பக்கவாட்டில் முக்கோண முட்டோடு. வெல்டிங்குக்கு முன் பேட்டரி கம்பியைக் கழற்றுங்கள். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் அச்சுக் குழாய் வளைந்துவிடும். ஒரு இன்ச் ஓட்டி, எதிர்ப்பக்கம் ஒரு இன்ச் ஓட்டி, கை வைக்கும் சூடு வரும்வரை ஆறவிட்டு, மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். 7018 வெல்டிங் ராடு, அதுவும் உலர்ந்தது.

இப்போது முக்கியமான இடம். சக்கரம் முழுக்கத் திரும்பும்போது நிறுத்த வேண்டியது நக்கிளில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) உள்ள ஸ்டாப் போல்ட்தான், சிலிண்டரின் அடி அல்ல. ஸ்டாப் போல்ட் இடிக்கும்போது சிலிண்டரில் இரண்டு பக்கமும் 5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். பாக்ஸும் தன் கடைசி முனையைத் தொடக் கூடாது. இந்தப் போல்டுகள் பல ஜீப்புகளில் துருவேறி உடைந்துபோய், யாருமே கவனிக்காமல் இருக்கும். புதிதாகப் போட்டு, அளவு வைத்து, பூட்டு நட்டால் இறுக்குங்கள்.

பாக்ஸில் துளை

பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. ஆனால் லேத்தில் நிதானமாக வேலை செய்பவரிடம்தான் கொடுக்க வேண்டும். பாக்ஸுக்குள் ஒரு பிஸ்டன், அதன் இரண்டு பக்கமும் இரண்டு அறை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு துளை போட்டு, அங்கிருந்து சிலிண்டரின் இரண்டு முனைக்கும் ஹோஸ் கொண்டுபோக வேண்டும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எந்த அறையில் அழுத்தம் ஏறுகிறதோ, அதே அழுத்தம் சிலிண்டரின் அந்தப் பக்கத்துக்கும் போகும். வேறு வால்வு எதுவும் வேண்டாம்.

பாக்ஸை முழுக்கப் பிரித்து, வால்வு, பிஸ்டன், பேரிங், சீல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெறும் கூட்டை மட்டும் லேத்துக்குக் கொடுங்கள். எந்த வழி எந்த அறைக்குப் போகிறது என்பதை, பிரிக்கும் முன் மெதுவாகக் காற்று செலுத்திப் பார்த்து, கூட்டின் மேல் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். ஒரு துளையை அடிமூடியின் பக்கத்து அறையில் போடுவது சுலபம். இன்னொன்றுக்குக் கூடு தடித்திருக்கும் இடம் பார்க்க வேண்டும், மரை பிடிக்கக் குறைந்தது 10 மி.மீ. இரும்பு வேண்டும். வார்ப்பிரும்பில் வெல்டிங் செய்து தடிமன் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

மரை விஷயத்தில் கவனம். நம் ஊர் ஹைட்ராலிக் கடைகளில் ஓடுவது பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) மரை. வெளிநாட்டுப் பாகங்களில் என்பிடி (அமெரிக்க அளவு) வரும். 1/4 இன்ச் அளவில் பிஎஸ்பிக்கு இன்ச்சுக்கு 19 புரி, என்பிடிக்கு 18. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், இரண்டு மூன்று சுற்று இதமாக ஏறவும் செய்யும், பிறகு இறுகும். இறுகிவிட்டதே என்று நம்பி விட்டால் 80 பாரில் கசியும், அல்லது கூடு விரியும். மரை அளவுகோலைப் பல்லோடு பல் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நாலாவது ஐந்தாவது பல்லில் வித்தியாசம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பிஎஸ்பியிலேயே வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. 1/8 பிஎஸ்பிக்கு 8.8 மி.மீ. துளை, 1/4 பிஎஸ்பிக்கு 11.8 மி.மீ. துளை. அடியில் தாமிர வாஷர் அல்லது ரப்பர் பதித்த வாஷர் வைத்து இறுக்குங்கள். டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், அதன் துணுக்கு வால்வில் போய் மாட்டும்.

துளை போட்ட கூட்டை டீசலில் கழுவி, பிரஷ் விட்டு, காற்றடித்து, மறுபடி கழுவுங்கள். வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் துணி வெள்ளையாகவே வெளியே வர வேண்டும். ஸ்டியரிங் வால்வின் இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. ஒரு இரும்புத் துகள் போதும், ஸ்டியரிங் ஒரு பக்கமாகத் தானே ஓட. அதனால்தான் இதை மட்டும் பட்டறையில் விட்டுவிட்டு வராமல், கழுவும்போது கூடவே நிற்கச் சொல்கிறேன்.

ஹோஸ், ஆயில், கூலர்

பழசு வாங்கக் கூடாதவற்றில் முதலாவது ஹோஸ். பம்பிலிருந்து பாக்ஸுக்கும், பாக்ஸிலிருந்து சிலிண்டருக்கும் டபுள் வயர் ஹோஸ் போடுங்கள். 1/4 இன்ச் டபுள் வயர் 400 பார் வேலை அழுத்தம் தாங்கும், நமக்கு வேண்டியதைப்போல் நாலு மடங்கு. சிங்கிள் வயர் 225 பார், அதுவும் கணக்குப்படி போதும்தான், ஆனால் கல் உரசும் இடத்தில் ஒரு வயர் அறுந்தாலும் இன்னொன்று நிற்கட்டும் என்று நான் டபுளையே சொல்வேன், விலை வித்தியாசமும் பெரிதல்ல. சிலிண்டருக்குப் போகும் ஹோஸ் அச்சோடு ஆடும் என்பதால், பட்டை முழுக்கத் தொங்கும் நிலையில் வைத்து நீளம் அளந்து, அதற்கு மேல் கொஞ்சம் தொய்வு விடுங்கள். சக்கரம் முழுக்கத் திரும்பும்போது டயர் உரசுகிறதா என்றும் பாருங்கள். ஹோஸ் கிளிப் போட்டு இறுக்குவது டேங்குக்குத் திரும்பும் லைனில் மட்டும்தான்.

ஆயில் ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). பாக்ஸில் வேறு ஆயில் குறிப்பிட்டிருந்தால் அது. ரிக் பட்டறையில் 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றித் தருவார்கள், வேண்டாம், இரண்டையும் கலக்கவும் வேண்டாம். பிரேக் ஆயில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, சீல் எல்லாம் உப்பிப் போகும்.

மெதுவாக ஏறும் வண்டியில் காற்று படாது, ஆயில் சூடேறும். திரும்பும் லைனில் சின்ன கூலர் வைத்து ரேடியேட்டருக்கு முன்னால் கட்டுங்கள். டேங்க் பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும், வண்டி செங்குத்தாக நிற்கும்போதும் பம்பின் வாய்க்கு ஆயில் வர வேண்டும். திரும்பும் லைனில் ஃபில்டர் ஒன்றும், டேங்க் அடியில் ஒரு காந்தமும் போட்டால் பாக்ஸின் ஆயுள் கூடும்.

காற்று எடுப்பது

முன்சக்கரம் இரண்டும் தரையில் படாமல் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை நம்பாதீர்கள். சிலிண்டரின் ஹோஸ் வாய்கள் மேல்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் காற்று வெளியேறும். டேங்கை நிரப்பி, எஞ்சினைப் போடாமலேயே ஸ்டியரிங்கை முனையிலிருந்து முனைக்கு மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே, குமிழி நிற்கும்வரை திருப்புங்கள். எஞ்சினைப் போட்டதும் மறுபடி அதே மாதிரி. நுரை வந்தால் எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும்வரை காத்திருங்கள். நுரையோடு பம்பை ஓட்டினால் பம்ப் தேயும். கடைசி முனையில் ஸ்டியரிங்கை 5 விநாடிக்கு மேல் பிடித்து நிற்காதீர்கள்.

முதல் தடவை எஞ்சினைப் போடும்போது ஸ்டியரிங் வளையத்தின் கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டு வைக்காதீர்கள். சிலிண்டர் ஹோஸ்கள் இடம் மாறியிருந்தால் சிலிண்டர் எதிர்ப்பக்கம் தள்ளும், ஸ்டியரிங் இறுகும், அல்லது ஒரு முனைக்குத் தானே ஓடிவிடும். உடனே எஞ்சினை நிறுத்தி, சிலிண்டர் பக்கம் இரண்டு ஹோஸையும் மாற்றிப் பூட்டினால் சரியாகிவிடும்.

முடிந்ததும் முன்சக்கர அமைப்பைப் பார்க்க வேண்டும். டோ-இன் 3 மி.மீ. அளவில், கேஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 3 முதல் 5 டிகிரி. பவர் ஸ்டியரிங் வந்தபின் கேஸ்டர் குறைவாக இருந்தால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

மலையில் இறக்கும் முன்

எஸ்டேட் களத்திலோ சமதளத்திலோ ஓட்டிப் பாருங்கள். அங்கே கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு: மெதுவாகப் போகும்போது எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். பம்ப் இல்லாமல் சிலிண்டருக்குள்ளும் ஆயிலை நீங்களே தள்ள வேண்டியிருக்கும், பழைய ஸ்டியரிங்கைவிட இது கனமாகவே இருக்கும். வண்டியை ஓட்டும் எல்லாரும், டிரைவர் அண்ணனும் வீட்டுப் பிள்ளைகளும், இதை ஒருமுறையாவது கையில் உணர்ந்திருக்க வேண்டும். பெல்ட் அறுந்தால் இப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தவர் பதறாமல் ஓரம் கட்டுவார்.

டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு மலை இறங்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இந்த மாற்றம் செய்த வண்டியில் அது உயிருக்கே ஆபத்து. ஸ்டியரிங் இறுகும், வாக்கம் பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக்கும் கல்லாகிவிடும். இரண்டாவது கியரில், எஞ்சின் ஓட, இறங்குங்கள். வண்டியில் எப்போதும் மாற்று பெல்ட் ஒன்றும், ஒரு லிட்டர் ஏடிஎஃப்பும் இருக்கட்டும்.

முதல் ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள்: பாக்ஸ் போல்ட், அச்சு பிராக்கெட் வெல்டிங், கிளாம்ப், ராட் எண்ட். எல்லா நட்டிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு முறிந்த நட்டு கண்ணில் பட்டுவிடும். பிறகு மாதம் ஒருமுறை போதும். சேற்றில் ஓட்டிவிட்டு வந்த அன்றே சிலிண்டர் தண்டைத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஆயில் தடவிய துணியால் துடைத்துவிடுங்கள். முதல் ஆயிலையும் ஃபில்டரையும் ஒரு மாதத்தில் மாற்றுங்கள், காந்தத்தில் ஒட்டியிருக்கும் தூளைப் பார்த்தாலே பாக்ஸின் நிலைமை தெரியும். மாவு போல மெல்லிய கறுப்புத் தூள் என்றால் சாதாரணம். விரலில் நெருடும் துகள் என்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் பாக்ஸைப் பிரித்துப் பாருங்கள்.